கேப்ஸ் லாக்கும் விசாலாட்சி ஆச்சி வீட்டு விலாசமும்

ஈயம் உருகும் புகையும் பினாயில் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும்... இருபத்துமூன்று வயசுக்குப் போய்விடுவேன்.

காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரி. மதுரைக் கம்பெனி என்னை முதன்முதலாகத் தனியாக அனுப்பிய வேலை. ஒரே ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர், அதிலிருந்து எட்டு சீரியல் கேபிள், நுனியில் திரையும் கீபோர்டும் மட்டுமே உள்ள எட்டு டெர்மினல்.

கேபிள் இழுத்தது, கனெக்டரில் இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் மாற்றிப் பற்றவைத்தது, ஒவ்வொரு போர்ட்டுக்கும் லாகின் வர வரி எழுதியது... எல்லாம் இந்தக் கைதான்! மூன்றாம் நாள் காலையில் எட்டுத் திரையிலும் பச்சை எழுத்து வந்தபோது தலைகால் புரியவில்லை எனக்கு.

ஏழு பேர் உள்ளே போய்விட்டார்கள். பதிவு கவுண்டரில் விசாலாட்சி ஆச்சிக்கு மட்டும் வரவில்லை. ஆச்சி என்றதும் கிழவி என்று நினைக்காதீர்கள், நாற்பது வயதுதான். நகரத்தார் வீட்டுப் பெண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நான் உட்கார்ந்து அவர் பெயரைப் போட்டால் திறக்கிறது. அவர் போட்டால் தப்பு என்கிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், கனெக்டரைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். ம்ஹூம்!

"எனக்கு வருதே ஆச்சி..."

"உனக்கு வந்து என்னாத்தா ஆகப்போகுது? சீட்டுப் போடப்போறது நானுல்ல!"

நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். மேனேஜர் என் காதுபடவே மதுரைக்குப் போன் போட்டார். "இந்தப் பிள்ளைக்குப் பிடிபடலைங்க. ஆம்பளை இன்ஜினியர் யாரையாச்சும் அனுப்பிவைங்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆள் வந்து இறங்கிவிட்டால், இனி என்னை எந்த ஊருக்கும் தனியாக அனுப்ப மாட்டார்கள்.

கேபிளை விட்டுவிட்டு ஆச்சிக்குப் பின்னால் போய் நின்றேன். "இன்னொரு தடவை போடுங்க ஆச்சி."

முதல் காரியமாகக் கேப்ஸ் லாக்கை அமுக்கினார். பிறகு நாலு இனிஷியல். அதுதான் அவர்கள் வீட்டு 'விலாசம்', குடும்பத்தின் அடையாளம். லாகின் பெயராக அதையே கேட்டு வாங்கியிருந்தார். நானோ சின்ன எழுத்தில் போட்டு வைத்திருந்தேன்.

"ஏன் ஆச்சி பெரிய எழுத்துல?"

"விலாசத்தைச் சின்ன எழுத்துல எழுதுவாகளாக்கும்! வீட்டுல அண்டா குண்டாவுல கூடப் பெருசாத்தான் வெட்டியிருக்கு!"

அடக்கடவுளே... மேனுவலில் எப்போதோ மேய்ந்த வரி ஞாபகம் வந்தது. பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தால், 'பாவம், இந்த டெர்மினலில் சின்ன எழுத்தே இல்லை போல' என்று அந்தக் கால யூனிக்ஸ் முடிவுகட்டிவிடும். அப்புறம் எதை அடித்தாலும், பாஸ்வேர்டைக்கூட, சின்ன எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தாவது கட்டாயம் வேண்டும் என்று சட்டம் போட்டது யார்? நானேதான்!

விலாசத்தைச் சின்னதாக அடிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாஸ்வேர்டை முழுக்கச் சின்ன எழுத்தாக்கினேன். உள்ளே நுழைந்ததும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் பழையபடி தனித்தனியாக வர ஒரு வரி சேர்த்தேன். ஆச்சி மறுபடி கேப்ஸ் லாக் போட்டு விலாசத்தை அடித்தார். திறந்தது!

"ஏங்க, போனைப் போட்டு அந்த ஆம்பளையாளை வரவேணாம்னு சொல்லிருங்க" என்றார் மேனேஜரிடம். "நம்ம பிள்ளையே பாத்துருச்சு."

அதற்கப்புறம் தேவகோட்டை, கொத்தமங்கலம், எங்கே வேலை என்றாலும் நான்தான் போனேன். தனியாக!

இப்போது முகத்தைக் காட்டினாலே கம்ப்யூட்டர் திறக்கிறது. ஈயப் புகை வாசனையே அபூர்வம். ஆளை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்கிற நாற்காலியில் நான் இருக்கிறேன். போன வாரம், நான் அனுப்பிய பெண் வேலையில் இருக்கும்போதே, ஒரு கஸ்டமர் போனில், "வேற ஆம்பளை இன்ஜினியர் இருக்காங்களா மேடம்?" என்றார்.

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

முக்கால் மணியில் முடித்துவிட்டாள்.