பெயரைக் கேட்டார்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையிலிருந்து சென்னை நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பகுதிநேர நிருபர். பெரும்பாலும் தீபக் கூட்டம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் விலை என்று எழுதுவேன்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தின் கூரை, திறப்பு விழாவுக்கு முன்பே மழையில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சிமென்ட் கம்மி, மணல் ஜாஸ்தி என்ற விவரத்தை அந்த வேலையிலேயே இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து எழுதினேன்.

செய்தி வந்ததும் போலீஸ் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். "யார் சொன்னாங்கன்னு நாளைக்கு வந்து சொல்லிடுங்க. மேல இருந்து நெருக்கறாங்க" என்றார்.

எங்கள் வீட்டு மாடி அறையில் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் குடியிருந்தார். தன் ஊரில் அவர் வக்கீல். விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உலக நாடுகள் சேர்ந்து எழுதிய உரிமை உடன்படிக்கை ஒன்று உண்டு, இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது என்றார். செய்தியைத் தேடவும் பெறவும் பிறருக்குச் சொல்லவும் எல்லோருக்கும் உரிமை உண்டாம். அதைத் தடுக்க வேண்டுமானால் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும், உண்மையான தேவையும் இருக்க வேண்டுமாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஷன்ல அதெல்லாம் செல்லுமோ என்னமோ. அந்த மனுஷன் பேர மட்டும் சொல்லிடாதீங்க. உங்கள நம்பித்தான சொன்னாரு" என்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"வெளிநாட்டு சமாசாரம்லாம் இங்க எதுக்குங்க?"

"நம்ம நாடும் சேந்துருக்கு சார்."

"இஷ்டத்துக்கு எழுதலாம்னா போட்டிருக்கு? கட்டுப்பாடே கெடையாதா?"

"இருக்கு சார். ஆனா அது சட்டத்துல இருக்கணும். எந்தச் சட்டப்படி பேரக் கேக்கறீங்கன்னு சொன்னா எழுதிக்கறேன்."

பேனாவைத் திறந்தேன். அவர் வாசலைப் பார்த்து ரெண்டு டீ சொன்னார்.

"குடிச்சுட்டுக் கெளம்புங்க. சொல்ல மாட்டேன்னுட்டாருன்னு எழுதி அனுப்பிடறேன்."

வெளியே வந்தால், ஊரிலிருந்த மற்ற பத்திரிகை நிருபர்கள் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். தினமும் என்னோடு செய்திக்குப் போட்டி போடுகிறவர்கள்.

"உள்ள வச்சிட்டா நாங்க எழுதணும்ல, அதான் வந்தோம்" என்றார் ஒருவர். எல்லோரும் சேர்ந்து டிபன் சாப்பிடப் போனோம்.

சில மாதங்களில் அந்தக் கூரையைப் புதிதாகப் போட்டார்கள். எனக்குச் செய்தி சொன்னவரை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தெரியாதவர்போலக் கடந்து போனார். போகிற போக்கில் லேசாகச் சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.