இனிக்காத சாறு

நரிதா மசுயோ எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவுக்கு 1968 ஏப்ரல் 8 அன்று வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. நான் அதே பிரிவில் எழுத்தர். இங்கே தரும் எண்கள் எல்லாம் அந்நாளைய பதிவேடுகளிலிருந்து நான் எடுத்து வைத்த நகல்களில் உள்ளவை. பேச்சுகள் நினைவிலிருந்து எழுதியவை. அவற்றுக்கு அந்த உறுதி கிடையாது.

மசுயோ தெற்கே தேயிலை விளையும் கடலோரப் பகுதிக்காரர். பொது சுகாதார நர்ஸாகப் படித்துவிட்டு, யாரும் வர விரும்பாத எங்கள் வடக்குப் பனிநாட்டைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். காரணம் கேட்டால், இறப்புப் பதிவேட்டைப் பார்த்தேன் என்பார். ஐம்பது வயதுக்குள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழும் ஆண்கள் எங்கள் ஊரில் அவ்வளவு பேர். எங்கள் பேச்சில் அதற்கு நோயின் பெயர் எதுவும் இல்லை. "அடிச்சிருச்சு" என்போம். யார் அடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

அவர் கேட்டார். உப்புதான் என்றார். மூன்று வேளையும், சோயாவை உப்போடு புளிக்கவைத்த மிசோ விழுது கரைத்த சாறு, புகையில் காய்ந்த முள்ளங்கி ஊறுகாய், உப்பில் புதைத்த மீன், நடுவில் தேநீர், தேநீருக்கும் ஊறுகாய். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். பெண்கள் தலையாட்டினார்கள், ஊறுகாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்கள்.

இரண்டு வருடம் இப்படிப் போனபின் ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்று, எங்கள் மரியாதைப்படி பெயரோடு "சான்" சேர்த்து என்னை அழைத்தார்.

"குமகாய்-சான், நான் சொல்றது அவங்களுக்குள்ள போகுதா, காதோட நிக்குதான்னு எனக்குத் தெரியணும்."

"கேட்டா போகுதுன்னுதான் சொல்லுவாங்க."

"அதனாலதான் கேக்கப் போறதில்ல. அளக்கப் போறேன்."

அப்படித்தான் அந்த ஆய்வு தொடங்கியது. ஹிராநாய் என்ற ஊரில் நாற்பத்திரண்டு வீடுகள். அங்கே குளிர்காலம் முழுக்க, பத்து நாளைக்கு ஒரு முறை, பெண்களுக்குப் பாடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நுமாஷிரியில் முப்பத்தொன்பது வீடுகள். அங்கே பாடம் இல்லை. இரண்டு ஊரிலும் பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வீட்டுக் காலைச் சாற்றையும் சிறு குப்பியில் வாங்கி, சுகாதார நிலையத்தில் உப்பு அளப்பது. அதோடு பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள். எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மக்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் அளந்ததில்லை. பலன் தெரிந்தால் மாவட்டம் முழுக்க நர்ஸ்கள் இதே முறையில் பாடம் நடத்துவார்கள் என்று மாவட்ட ஆலோசகர் டாக்டர் கோமோரி சொல்லியிருந்தார். தெரியாவிட்டால் மசுயோ தடுப்பூசி அட்டைகளை அடுக்கும் மேசைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பாடத்தாள்கள் மொத்தம் ஆறு. மசுயோ எழுதித் தருவார். நான் மெழுகுத்தாளில் எழுத்தாணியால் வெட்டி, மை உருளை ஓட்டிப் பிரதி எடுப்பேன். மூன்றாம் தாளில் ஒரு வரி இருந்தது: "சமையல் இனிப்பாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." அவர் ஊரில் காய்க் கூட்டில் சர்க்கரை அள்ளிப் போடுவார்களாம், அந்த நினைப்பில் எழுதியது. நான் அந்த வரியையும் மெழுகுத்தாளில் அழகாக எழுதினேன். எழுத்துப் பிழை இல்லை.

ஹிராநாயின் பெண்கள் குழுவுக்குத் தலைவி தெட்சு. நாற்பத்தாறு வயது. கணவர் ஈகிச்சி குளிர்காலத்தில் தலைநகருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டு நாற்று நடவுக்குத் திரும்புகிறவர். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொள்வது தெட்சு ஒருவர்தான். மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

"தெட்சு, இவ்வளவு எழுதுறியே, டாக்டர் ஆகப் போறியா?"

"ஆகிட்டா மொத ஊசி ஒனக்குத்தான். வாயில."

மசுயோ அதிகம் சிரிக்காதவர். அன்று சிரித்தார்.

1971 ஏப்ரல் கடைசியில் இரண்டாம் அளவு முடிந்தது. கேள்வித்தாளில் ஹிராநாய்ப் பெண்களின் சராசரி 4.1-லிருந்து 8.7-க்கு ஏறியிருந்தது. நுமாஷிரியில் மாற்றமே இல்லை. மசுயோ அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் கழித்துச் சாற்றின் அளவு வந்தது. நுமாஷிரியில் 1.44 சதவீதம் 1.43 ஆகியிருந்தது. ஹிராநாயில் 1.42 சதவீதம் 1.61 ஆகியிருந்தது.

நான் கூட்டலைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மணிச்சட்டத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மசுயோ குப்பிகளின் எண்களை வீட்டுப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். நாற்பத்திரண்டில் முப்பத்து நாலு வீடுகளில் உப்பு ஏறியிருந்தது. தெட்சுவின் வீட்டில் 1.38-ஆக இருந்தது 1.77 ஆகியிருந்தது.

"நல்லாப் படிச்ச பொண்ணுங்க வீட்டுலதான் ஜாஸ்தி ஏறியிருக்கு" என்றார் மசுயோ. "படிக்கப் படிக்க உப்பு ஏறுமா, குமகாய்-சான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

மசுயோ டாக்டர் கோமோரிக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் தடுமாறவில்லை. குளிர் நாட்டில் வசந்தத்தில் பழைய மிசோ பீப்பாயின் அடிப்பகுதி வரும், அது உப்பாகத்தான் இருக்கும் என்றார். அப்படியானால் நுமாஷிரியிலும் ஏறியிருக்க வேண்டுமே என்று மசுயோ கேட்டார்.

மே 27 அன்று வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஈகிச்சி முகம் குப்புற நீரில் விழுந்தார். பக்கத்து வரப்பில் இருந்தவர்கள் தூக்கிவிட்டதால் உயிர் பிழைத்தார். வலப்பக்கக் கையும் காலும் போயின. பேச்சு குழறியது. வயது நாற்பத்தொன்பது.

மூன்று வாரம் கழித்து அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் மசுயோ பார்க்கப் போனார். முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. நோயாளி அட்டை எழுத நானும் கூடப் போனேன். வேலை முடிந்ததும் தெட்சு எங்களை அடுப்புக் குழியருகே உட்காரச் சொல்லிச் சாறு ஊற்றித் தந்தார். ஊறுகாய்த் தட்டு வரவில்லை. மசுயோ ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தெட்சு-சான், ஈகிச்சி-சான் சாப்பிடறதும் இந்தச் சாறுதானா?"

"ஆமா நர்ஸம்மா. எல்லாருக்கும் ஒரே சட்டிதான்."

"கொஞ்சம் உப்பா இருக்கே."

தெட்சுவின் முகம் மலர்ந்தது. வகுப்பில் சரியான பதில் சொல்லிவிட்ட முகம்.

"இருக்கும்ல? முந்தியெல்லாம் எங்க வீட்டுச் சாறு இனிச்சுக்கிட்டுக் கெடக்கும். எம் மாமியா திட்டிக்கிட்டே இருந்தா. நீங்க மூணாவது பாடத்துல சொன்னீங்க பாருங்க, அன்னையிலேர்ந்து ஒரு கரண்டி கூடப் போடுறேன்."

"எத ஒரு கரண்டி?"

"மிசோதான். வேற எத?" என்றவர், கணவர் படுத்திருந்த பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஊறுகாய நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டோம். சாறு இனிக்கக் கூடாதுன்னீங்க, இனிக்காமப் பாத்துக்கிட்டேன். எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். அப்படியும் அந்த மனுசன அடிச்சிருச்சே, நர்ஸம்மா."

மசுயோ சாற்றை முழுதும் குடித்தார். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஊர்ல இனிப்புன்னா என்ன?"

"சர்க்கரை இனிப்பு" என்றேன். பிறகு சொன்னேன். "உப்பு பத்தலைன்னாலும் இனிக்குதுன்னுதான் சொல்லுவோம்."

"எப்பலேர்ந்து?"

"எங்கம்மா அப்படித்தான் சொல்லும். எல்லாரும்தான்."

"மெழுகுத்தாள் நீங்கதானே வெட்டுனீங்க."

ஆமாம் என்றேன். வாயால் பேசும்போது அந்தச் சொல்லை நான் தினமும் உப்புக் குறைவுக்குத்தான் பயன்படுத்துகிறேன். தாளில் பார்த்தபோது பள்ளிக்கூடத்து மொழியாகப் படித்தேன். இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் அதற்காக என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

அலுவலகம் திரும்பியதும் கேள்வித்தாள்களை எடுத்துப் போட்டார். ஏழாம் கேள்வி: சமையல் இனிப்பாக இருப்பது உடம்புக்கு நல்லதா? நாற்பத்திரண்டு பேரும் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். பத்துக் கேள்விகளில் ஒருவர்கூடத் தவறு செய்யாதது அது ஒன்றுதான். நாங்கள் நாற்பத்திரண்டுக்கும் சிவப்பு வட்டம் போட்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் சரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஜூலை முதல் வாரம் டாக்டர் கோமோரி நேரில் வந்தார். கெட்டவர் இல்லை. மசுயோவின் வேலை நின்றுவிடக் கூடாது என்று உண்மையிலேயே நினைத்தவர்.

"மதிப்பெண் ரெண்டு மடங்கு ஆகியிருக்கு. அத எழுதுங்க. கத்துக்கிட்டாங்கங்கிறதுக்கு அது போதும். சாறு அட்டவணை எதுக்கு? அடுத்த வருஷம் அந்த வரிய மாத்திட்டு மறுபடி அளந்துக்கலாம்."

"மதிப்பெண்ணே தப்பு, டாக்டர். ஏழாவது கேள்விய அவங்க வேற கேள்வியாப் படிச்சுப் பதில் எழுதியிருக்காங்க."

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்."

"குமகாய்-சானுக்கும் தெரியும்" என்றார் மசுயோ.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அறிக்கைய விடுங்க. அந்தப் பொம்பளைங்ககிட்டச் சொல்லப் போறீங்களா? ஒருத்தி புருஷன் படுத்த படுக்கையாக் கெடக்கான். சாறுதான் காரணம்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"முடியாது."

"பின்ன?"

"இல்லைன்னும் நிரூபிக்க முடியாது. இன்னிக்குக் காலையிலும் அந்த வீட்டுல ஒரு கரண்டி கூடத்தான் விழுந்திருக்கும். நான் சொல்லாத ஒவ்வொரு நாளும் விழும்."

தவறைச் சொல்லாமலே அளவை மட்டும் குறைக்கச் சொல்லலாமே என்று நானும் கேட்டேன். மறைத்துக்கொண்டு திருத்தினால் எதைத் திருத்தினோம் என்று அவர்களுக்கே தெரியாது, மறுபடி தவறாகத்தான் புரியும் என்றார் மசுயோ. அதில் எனக்கு இன்றுவரை முழுச் சம்மதம் இல்லை.

ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹிராநாய்க் கூட்ட அறைக்கு முப்பத்தெட்டுப் பெண்கள் வந்தார்கள். மசுயோ பாயில் மண்டியிட்டு, கரும்பலகைப் பக்கம் போகாமல், இருந்த இடத்திலிருந்தே சொன்னார். நான் பிறந்த ஊரில் "இனிப்பு" என்ற சொல்லுக்கு உப்புக் குறைவு என்ற பொருள் கிடையாது, இங்கே என்ன பொருள் என்று நான் உங்களைக் கேட்கவில்லை, என் பாடத்தால் உங்கள் வீடுகளில் உப்பு ஏறிவிட்டது என்றார். அளவுகளைப் படித்தார். தலை பாயைத் தொடும்படி வணங்கினார்.

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அடக் கடவுளே, நாங்களும் அதச் சர்க்கரைன்னு நெனச்சிருந்தா பொழச்சிருப்போம்." இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தெட்சு முன்வரிசையில் இருந்தார். அவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தெட்சு தன் நோட்டைத் திறந்து, பென்சிலால் எழுதியிருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எழுதி வச்சிருக்கேன், நர்ஸம்மா. பிப்ரவரி அஞ்சு. நீங்க சொன்னதுதான்."

"ஆமா, தெட்சு-சான். நான் சொன்னதுதான்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் எவளும் எதுவும் படிக்கல. அவளுக சட்டி அப்படியே இருக்கு. நான் தெனமும் எம் புருஷனுக்கு எங்கையாலேயே..." அவர் நோட்டை மூடி, மசுயோவின் முன் பாயில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எவரும் கோபமாகப் பேசவில்லை. செருப்பு மாட்டும் சத்தம்தான் வாசலில் வெகுநேரம் கேட்டது.

அறிக்கை, சாறு அட்டவணையும் சேர்த்து, மூன்று அட்டவணைகளோடும் போயிற்று. மாவட்டச் சுகாதார இதழில் நான்கு பக்கமாக வந்தது. மற்ற நர்ஸ்களிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, தன் ஊரிலும் இப்படி ஏதாவது சொல் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றது. மற்றது, இதையெல்லாம் அச்சில் போட்டால் மக்கள் எந்த நர்ஸைத்தான் நம்புவார்கள் என்று கேட்டது. செப்டம்பரில் மசுயோவுக்குத் தடுப்பூசி மேசை கொடுத்தார்கள்.

ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், தன் விருப்பத்தில் ஹிராநாய்க்குப் போனார். பதினொரு பெண்கள் வந்தார்கள். இந்த முறை தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. ஒரு சட்டிச் சாற்றை வைத்து, ஆளுக்கு ஒரு வாய் குடிக்கச் சொல்லி, இதை நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பதினொரு வீடுகளில் அடுத்த வசந்தத்தில் சராசரி 1.29. மற்ற முப்பத்தோரு வீடுகள் குப்பி தரவில்லை. தெட்சுவின் வீடு அந்த முப்பத்தொன்றில் ஒன்று. ஈகிச்சி 1974 பிப்ரவரியில் இறந்தார். மசுயோ வாசல்வரை போய், உள்ளே அழைக்கப்படாமல் திரும்பினார்.

அவர் 1997-இல் ஓய்வு பெற்றார். அதற்குள் சமையல் உப்பு மாவட்டம் முழுக்கக் குறைந்திருந்தது. குளிர்பெட்டி வந்து உப்பில் புதைக்கும் தேவை போனதாலா, பாடங்கள் பலித்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எண்கள் இல்லை. ஓய்வு விழா முடிந்தபின் நாங்கள் இருவரும் பேருந்துக்கு நின்றோம். பதினொரு வீட்டில் 1.29 வந்ததே, அதுவே பெரிய காரியம் என்று, ஆறுதலாக இருக்கட்டுமென்று சொன்னேன்.

"பதினொண்ணு எனக்குத் தெரியும், குமகாய்-சான்" என்றார். "மத்த முப்பத்தோரு வீட்டுல அந்த வருஷம் எவ்வளவு இருந்துச்சு? நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா குப்பியாவது தந்திருப்பாங்க."

பதிவேட்டில் அந்த வீடுகளுக்கான முப்பத்தோரு கட்டங்களிலும் நான் அப்போது "அளக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். அது சரியான பதிவுதான். அவரிடம் அதைச் சொல்லவில்லை.