ரெண்டு சைடும் வீங்கினால்?

மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா செருப்போடு டியூட்டிக்குப் போனார்.

இதிலென்ன என்கிறீர்களா? அப்பா பெங்களூரு வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி. கேட்டில் நிற்பவருக்குக் கறுப்பு ஷூ கட்டாயம். நாளைக்கும் இப்படி வந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவரின் காலைப் பார்த்தேன். கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை. விரலால் அழுத்தினால் குழி... எழும்ப நேரமாகிறது.

எத்தனை நாளாக? பத்து நாளாக! மழையில் நனைந்து ஷூ சுருங்கிவிட்டது என்று நினைத்தாராம். கால் வீங்கினால் கிட்னி போச்சு என்று கூட வேலை பார்ப்பவர் சொன்ன பிறகுதான் பயம் வந்திருக்கிறது. கிட்னியைக் காப்பாற்ற அவரே ஒரு வைத்தியமும் செய்துவிட்டார் — பிரஷர் மாத்திரையை மூன்று நாளாக நிறுத்திவிட்டார்.

எனக்குக் கோபம். டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த அன்றே, பெட்டிக்குள் இருந்த தாளை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டியவள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் ஆயிற்றே... அந்தப் பொடி எழுத்து இங்கிலீஷைத் தடுமாறாமல் படித்ததில் ஏகப் பெருமை வேறு. தலைவலி, தலைசுற்றல், கால் வீக்கம் எல்லாம் வரலாம் என்று விளக்கியும் இருந்தேன்.

"அன்னிக்கே சொன்னேனேப்பா, சைடு எஃபெக்ட்டுன்னு?"

"அதான் பார்த்தேம்மா. சைடு எஃபெக்ட்டுன்னா ஒரு சைடுதானே வீங்கணும்? எனக்கு ரெண்டு சைடும்ல வீங்கியிருக்கு."

சிரிப்பு வரவில்லை. படித்துக் காட்டினேன், சரி. புரிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

அன்றே கிளினிக்குக்கு ஓடினோம். வீக்கத்தைவிட, எகிறியிருந்த பிரஷரைப் பார்த்துத்தான் டாக்டர் முகம் சுளித்தார். "எரடூ காலா?" என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா குற்றவாளி போலத் தலையாட்டினார். ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்குவதுதான் இந்த மாத்திரையின் குணமாம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால்தான் அவர் அதிகம் கவலைப்பட்டிருப்பாராம்!

கிட்னிக்கும் டெஸ்ட் எடுத்தோம். நன்றாக இருக்கிறது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தவர், நிறுத்துவதானாலும் என்னைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள் என்றார். அவர் கொடுத்த சீட்டைப் பார்த்து, சூப்பர்வைசரும் கால் வீக்கம் வடியும்வரை உள்ளே உட்கார்ந்து கேமரா டிவியைப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். முந்தாநாள் ஷூ சுகமாக ஏறியது.

புதிய மாத்திரைக்கும் தாள் உண்டு. இந்த முறை நான் படித்துக் காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். சிலருக்கு வறட்டு இருமல் வருமாம், வந்தால் என்னிடம் சொல்லு, நீயாக நிறுத்தாதே என்றேன். புரிந்ததா என்றும் கேட்டேன்.

அப்பா தலையாட்டினார்.

"இதுல குழப்பம் இல்லம்மா. தொண்டை ஒண்ணுதானே."