சுவரைப் பார்த்துப் பேசிய இங்கிலீசு

“புள்ளோவ், பட்டு வந்திரிக்கி. வந்து பாருங்க கிளி.”

எங்கள் வீட்டுப் பின்வாசலில் இப்படி யாரோ கூப்பிட்டார்கள். பேச்சு காத்தான்குடிப் பெண்களின் பேச்சு. குரல் மட்டும் ஆணுடையது. எட்டு வருடம் வெளியே அலைந்துவிட்டு நான் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கதவைத் திறந்தேன். வாசற்படியில் நீலத்துணி மூட்டை ஒன்று அவிழ்த்து விரித்துக் கிடந்தது. பத்தடி தள்ளி, தென்னோலைக் கிடுகு வேலியைப் பார்த்தபடி, வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“ஆர் நீங்க? இஞ்சால திரும்புங்க.”

“வேணாம் புள்ள. நீங்க பாத்து முடிங்க. நான் மறுகா கிறுகிறன்.”

உள்ளேயிருந்து அம்மா சிரித்தாள். “அது நம்மட சீனாக் காக்கா. நீ தலைகீழா நிண்டாலும் அவர் கிறுக மாட்டார்.”

நான் துணிகளைப் பார்த்து, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் போன பிறகுதான் அவர் கிறுகினார், திரும்பினார். ஐம்பதை நெருங்கிய சீனர். வெயிலில் கறுத்த முகம். மூட்டையைக் கட்டிக்கொண்டே, “றப்பே, என்ன வெயில்!” என்று சொல்லிக்கொண்டார்.

அவருடைய பெயர் லியூ. 1926இல் தோளில் ஒரு பட்டு மூட்டையோடு கொழும்பில் இறங்கினார். கூட வந்தவர்கள் கண்டி, காலி என்று பிரிந்துபோனார்கள். கிழக்கே போகிற பாதையை யாரும் கேட்கவில்லை என்பதால் அது லியூவுக்குக் கிடைத்தது. கால்நடையாகவே மட்டக்களப்புக்கு வந்து, ஒரு பேக்கரியின் பின்னறையில் குடியேறினார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்த தமிழ் ‘பட்டு’ என்ற ஒரே சொல்தான்.

காத்தான்குடி முஸ்லிம்களின் ஊர். அங்கே அந்நிய ஆண் வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்த்து வியாபாரம் செய்ய முடியாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டைச் சுற்றிய வளவுக்குள் மூட்டையை விரித்துவைப்பார். பிறகு வாசல் பூவரச மரத்தடிக்குப் போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பெண்கள் வெளியே வந்து துணியைப் பிரிப்பார்கள், மடிப்பார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி போட்டு அழகு பார்ப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். வேண்டியதைத் தாங்களே அளந்து வெட்டிக்கொள்வார்கள். எல்லாம் முடிந்து உள்ளே போனதும், “காக்கா, கிறுகுங்க” என்று, அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், ஒரு குரல் வரும். அதுவரைக்கும் ஒரு மணித்தியாலமானாலும் அவர் அசையமாட்டார். மூட்டையில் ஒரு நூல் குறைந்ததில்லை.

அந்த ஒரு மணித்தியாலத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை. முதுகுக்குப் பின்னால் நடக்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். பதினொரு வருடம் அப்படியே கேட்டார். அவருடைய தமிழ் முழுவதும் அப்படி வந்த தமிழ். அதனால் கடைத்தெருவில் மீசை வைத்த ஆம்பிளைகளையும் அவர் ‘கிளி’ என்றுதான் கூப்பிடுவார். இருமினால் ‘நூறு வயசு இரிங்க மனே’ என்று வாழ்த்துவார். சிரித்தவர்கள் உண்டு. சொல்லித் திருத்தியவர்கள் இல்லை. திருத்தினால் அந்தக் ‘கிளி’ போய்விடுமே!

நான் வந்த மாதம் அவருக்கு ஒரு இக்கட்டு. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாஸ் கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் புதிய துரை ஒருவர் வந்திருந்தார். லியூவின் பாஸைப் புதுப்பிக்க அவர் மறுத்துவிட்டார். மூன்று மாதத்தில் இங்கிலீசு படித்துக்கொண்டு வந்து தன் முன்னால் பேசிக்காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பில் கப்பலேற வேண்டும் என்று உத்தரவு. லியூவுக்குக் கப்பலேறிப் போக ஊர் இல்லை. அவருடைய ஊரை ஒருமுறை ஆறு கொண்டுபோனது. மிச்சத்தைச் சண்டை கொண்டுபோய்க்கொண்டிருந்தது. தம்பியிடமிருந்து கடிதம் வந்து ஒரு வருடமாகியிருந்தது.

“என்ன நடந்த காக்கா? என்ன பிழை செஞ்சீங்க?” என்று வேலிப்பக்கம் நின்றவரிடம் கேட்டேன்.

“ஒரு பிழையும் செய்யல்ல புள்ள. கந்தோருக்குள்ள துரைட பொஞ்சாதியும் இரிந்தா. பொம்புள இரிக்கிற இடத்தில மொகத்தக் காட்டி நிக்கலாமா? கிறுகி நிண்டன்.”

“மறுகா?”

“துரை கத்தினார். அவர் கத்தக் கத்த நான் இன்னும் தள்ளிப் போனன். சுவர் வந்திட்டு. அதுக்கு மேல எங்க போற?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அந்தக் கந்தோரில் பெரிய கிளாக்கர் வினாயகமூர்த்தி. முப்பது வருடம் கந்தோரில் இங்கிலீசு எழுதியவர். அவர் ஃபைலில் எழுதியது இதுதான்: ‘இந்த ஆள் உத்தரவுக்குப் பணிவதில்லை. எந்தப் பாஷையும் விளங்குவதாகத் தெரியவில்லை.’

இங்கிலீசு படிக்கச் சொன்னதில் எனக்கு அப்போது தப்புத் தெரியவில்லை. நானும் படித்தவள்தான். ஒரு தோட்டத்துரையின் பிள்ளைகளுக்கு ஆயாவாக இங்கிலாந்துக்குப் போனபோது, மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீசு எனக்கு அங்கே தெருமுனைவரைகூட வரவில்லை. மூன்று வயதுக் குழந்தையிடமிருந்துதான் பேசப் பழகினேன். இரண்டு வருடம் இறைச்சிக்கடையில்கூட மூன்று வயதுக் குழந்தை மாதிரியே பேசியிருக்கிறேன். கடைக்காரன் என் கன்னத்தைக் கிள்ளாததுதான் குறை. ஒரு நாட்டில் இருக்கப் போகிறவர் அந்த நாட்டை ஆளுகிறவர்களின் பாஷையைப் படித்துத்தான் ஆகவேண்டும் என்று லியூவிடம் சொன்னேன். மேசை போட்டு, எதிரே உட்காரவைத்தேன்.

“என்ர மொகத்தப் பாருங்க, காக்கா. துரைமாரோட கதைக்கும்போது கண்ணைப் பாக்கணும். பாக்காட்டிப் பொய் சொல்றான் எண்டு நினைப்பாங்க.”

“பாத்தா மானம் கெட்டவன் எண்டு இஞ்ச நினைப்பாங்க, புள்ள. நான் இஞ்சதானே இரிக்கன்?”

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வேர்த்தது. ‘குட் மோர்னிங்’ என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் போயிற்று. ஒருநாள் எனக்குக் கோபம் வந்து எழுந்து உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் நின்று, “ஐ செல் சில்க்” என்று கத்தினேன். வெளியேயிருந்து, நான் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு, தெளிவாக வந்தது: “ஐ செல் சில்க்.”

அடுத்த நாளே காத்தான்குடியிலிருந்து ஆள் வந்தது. ஸைனம்பு ராத்தா கூப்பிடுகிறாளாம். அங்கே அக்காவுக்கு ராத்தா. ஸைனம்பு தறி நெய்கிறவள். புருஷன் இல்லை. வாயை அடைக்க ஊரில் ஆளில்லை. லியூவைத் தன் தறிக்குப் பகையாளி என்று திட்டிக்கொண்டே, ஒவ்வொரு கலியாணத்துக்கும் அவரிடம்தான் பட்டு எடுப்பாள்.

“மார்கிறட் புள்ள, என்ட வளவில வெச்சுப் படிச்சுக் குடுங்க. அவருக்குப் பழக்கமான மரம். எங்களுக்கும் பொழுது போகும்.”

“பகையாளி கப்பலேறினா உங்களுக்கு நல்லந்தானே, ராத்தா?”

“அவர் போனா ஆரோட நான் சண்டை பிடிக்கிற? சும்மா படிச்சுக் குடுங்க புள்ள.”

அப்படித்தான் அந்தப் பள்ளிக்கூடம் நடந்தது. லியூ பூவரச மரத்தடியில், தெருவைப் பார்த்தபடி. நான் கிடுகுத் தட்டிக்கு உட்புறம், பாயில். என்னைச் சுற்றி ஸைனம்புவும் பக்கத்து வளவு ஸஹீதாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அதற்கு மேல் பெண்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். மரத்தடியிலிருந்து லியூ திருப்பிச் சொல்வார். படிப்பு வேகமாக ஏறியது. மூன்றாவது மாதத்தில் பத்து வாக்கியம் தட்டாமல் வந்தது. மட்டக்களப்பு அவர் வாயில் ‘பட்டிக்கலோ’ ஆயிற்று. அவர் திருப்பிச் சொல்வதில் வேறென்னவெல்லாம் சேர்ந்திருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படிக் கவனிப்பது?

தவணை நாள் வந்தது. லியூ புதுச் சட்டை போட்டிருந்தார். அவருடைய கையில் ஸைனம்பு ஓதிக் கொடுத்த கறுப்பு நூல். நான் கூடப் போனேன்.

காற்று வருகிற அறை அந்தக் கந்தோரில் ஒன்றுதான். அதனால் துரையின் மனைவி தையலோடு அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் துரை. பக்கத்தில், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வினாயகமூர்த்தி.

துரை லியூவின் பெயரைக் கேட்டார். லியூ அவருடைய முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்தபடி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் ஜன்னல் பக்கம் அந்த மனுஷி இருப்பது ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது. காது சிவந்தது. வாய் திறக்கவில்லை. துரை மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

லியூ என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, மரியாதையாக, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அப்போது சுவர்ப்பக்கமிருந்து இங்கிலீசு வந்தது.

“மை நேம் இஸ் லியூ. மெல்லமாச் சொல்லுங்க புள்ள, அவர் ஓடவா போறார். ஐ செல் சில்க். ஓம், என்ட தறியில மண்ணப் போட. ஐ லிவ் இன் பட்டிக்கலோ லெவன் இயர்ஸ். அல்லாஹ் காவல், இன்னும் நூறு வருஷம் இரிக்கட்டும். ஐ ஹாவ் நோ அதர் ஹோம். அழாதடி ஸஹீதா, படிக்க விடு.”

இப்படியே பத்து வாக்கியமும் ஒரு பிசகில்லாமல் வந்தது. கூடவே மூன்று மாதமாகப் பெண்கள் பேசியதும், எது பாடம் எது பேச்சு என்ற பேதமில்லாமல் வந்தது.

துரை தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவராம். அப்படியும் ஒன்றும் விளங்காமல் கிளாக்கரைப் பார்த்தார். இந்த ஆள் ஏன் சுவரோடு பேசுகிறான், தன்னை அவமானப்படுத்தவா என்று கேட்டார். வினாயகமூர்த்தி ஃபைலை இன்னும் இறுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லுங்க, கிளாக்கர் ஐயா. உங்கட வீட்டு வாசல்லயும் இவர் இப்பிடித்தானே நிக்கிறவர்? உங்கட மகள்ட சீலைக்கும் இவர் கிறுகித்தானே நிண்டவர்?”

“எனக்குத் தெரியும் பிள்ளை,” என்றார், தலை நிமிராமல். “அண்டைக்கே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் எழுதேல்ல?”

“இதையெல்லாம் இங்கிலீசில எப்பிடி எழுதிற? துரை நம்மளப் பாத்துச் சிரிப்பாரெண்டு...”

முப்பது வருடம் எழுதிய கை. அவருடைய நெற்றி வேர்வையைப் பார்த்தபோது எனக்கிருந்த கோபம் பாதியாகிவிட்டது. இறைச்சிக்கடையில் நின்ற என் முகம் நினைவுக்கு வந்தது. எனக்கும் அவருக்கும் இங்கிலீசு இருந்தது. அது வேண்டிய நாளில் எங்களிடம் கேட்காமல், அது இல்லாத லியூவிடம்தான் கேட்டார்கள்.

நானே சொல்லியிருப்பேன். ஆனால் வினாயகமூர்த்தி ஃபைலை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். மெல்ல, தடுமாறித் தடுமாறி, கந்தோர் இங்கிலீசு அல்லாத ஏதோ ஒரு இங்கிலீசில். காத்தான்குடி வளவுகளைப் பற்றி, மூட்டையைப் பற்றி, பூவரச மரத்தைப் பற்றிச் சொன்னார். இவர் திரும்பி நிற்பது அவமரியாதையல்ல, ஜன்னல் ஓரம் இருக்கிற அம்மாவுக்குக் கொடுக்கிற மரியாதை என்றார். பதினொரு வருடத்தில் இந்த ஊரில் எந்தப் பெண்ணும் இவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை என்றார். கடைசியில், மூன்று மாதத்துக்கு முன் ஃபைலில் தான் எழுதியது பிழை என்றும் சொன்னார்.

துரையின் மனைவி தையலை மடியில் வைத்தாள். “அப்படியானால் இவ்வளவும் நான் இங்கே உட்கார்ந்ததாலா?” என்று கேட்டாள். அவள் எழுந்தாள். வெளியே போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. நாற்காலியைத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வாவியைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊசியை எடுத்துக்கொண்டாள்.

“காக்கா,” என்றேன், “கிறுகுங்க.”

லியூ திரும்பினார். ஜன்னல் பக்கம் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. தோள் இறங்கியது. துரையை நேராகப் பார்த்து, “குட் மோர்னிங், சேர்,” என்றார்.

துரை உடனே சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், மனைவியின் முதுகைப் பார்த்தார். பிறகு பாஸில் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் இங்கிலீசு எதிர்பார்ப்பதாகச் சொன்னார். பிறகு தமிழில், எழுத்தெண்ணிப் படித்த தமிழில், “நீவிர் செல்லலாம்” என்றார். லியூ இரண்டு கையாலும் பாஸை வாங்கிக்கொண்டு, “நூறு வயசு இரிங்க கிளி,” என்றார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் காத்தான்குடி வளவில் நடந்ததை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலி திரும்பிய இடத்தை ஸைனம்பு நான்காம் தரமும் கேட்டாள்.

“அந்தத் துரைச்சாணிக்கு ஒரு துண்டு நெய்ஞ்சு குடுக்கணும், புள்ள. என்ட தறியில. இவர்ட பட்டில இல்ல.”

அடுத்த வருடத்துக்கு இங்கிலீசுப் பாடம் நிற்கவில்லை. ஆனால் வாத்தியார் மாறவேண்டி வந்தது. எனக்குக் கால் நிற்காது. ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆனதும் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. பினாங்கில் ஒரு வீட்டுக்கு ஆள் தேவை என்று கடிதம் வந்ததும் பெட்டியைக் கட்டினேன். பாடத்தை வினாயகமூர்த்தி ஏற்றுக்கொண்டார். கந்தோர் விட்டு வந்து, லியூவுக்குப் பக்கத்தில் அதே பூவரச மரத்தடியில், தெருவைப் பார்த்தபடி அவரும் உட்கார்ந்துவிடுவாராம். தட்டிக்கு உள்ளேயிருந்து பெண்கள் அவருடைய உச்சரிப்பைத் திருத்துகிறார்கள் என்று அம்மா பிறகு பினாங்குக்கு எழுதினாள். நான் நம்புகிறேன்.

புறப்படுகிற அன்று சொல்லிவிட்டு வரப் போனேன். லியூ மரத்தடியிலிருந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே எனக்குப் புத்தி சொன்னார்.

“புள்ள, புது ஊருக்குப் போறீங்க. பாஷை மெல்ல வரும். எறங்கின ஒடனே, எந்தப் பக்கம் பாத்து நிக்கணும் எண்டு மொதல்ல ஒரு பொம்புளக்கிட்டக் கேட்டுக்கங்க.”

தட்டிக்குப் பின்னால் ஸைனம்புவின் தறிச்சத்தம் நின்றது.

“ஆருக்குச் சொல்றீங்க, காக்கா? நிக்கிற பழக்கம் அவக்கு இரிந்தாத்தானே!”