சுவரில் பீய்ச்சிய பால்

அங்கம்மாவை நினைத்தால் எல்லோருக்கும் கண்ணீர் வரும் என்பார்கள். எனக்குக் குமட்டல்தான் வருகிறது, அவளால் அல்ல, அவளைச் சுற்றியிருந்தவர்களால்.

மலாயாவில் லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மரம் சீவியவள் அவள். புருஷன் மரம் சாய்ந்து செத்தபோது வேலு வயிற்றில் இருந்தான். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம். யார் முதலில் திரும்புகிறாளோ, அவள் அழுகிற பிள்ளைக்கெல்லாம் மார் கொடுப்பாள். யார் பெற்றது என்று பார்ப்பதில்லை. இன்றைக்கு நான், நாளைக்கு நீ. அங்கம்மா சீவும் மரங்கள் கொட்டகைக்கு அருகில் என்பதால், முதலில் வருகிறவள் பெரும்பாலும் அவள்தான். செல்வராணியின் மகள் பெற்றவளிடம் குடித்ததைவிட அவளிடம் குடித்ததுதான் அதிகம்.

கங்காணியின் மனைவி தனலெட்சுமிக்குப் பால் சுரக்கவில்லை. அவள் பிள்ளைக்கும் அங்கம்மாவின் மார்தான். மழைக்காலக் காய்ச்சலில் அந்தப் பிள்ளை இறந்தது. பெற்ற வயிறு பழி போட ஆள் தேடியது.

"புருஷன முழுங்கினவ பால்ல என்ன இருக்கும்? விஷந்தான்! அவ புள்ளய எவளாச்சும் தொட்டீங்க, உங்க புள்ளைக்கும் ஒட்டிக்கும், பாத்துக்கங்க!"

கங்காணி வீட்டுப் பேச்சு. மறுக்க யாருக்கு வாய் உண்டு?

அடுத்த வாரமே அங்கம்மாவும் காய்ச்சலில் விழுந்தாள். மார் வற்றிவிட்டது. கஞ்சித்தண்ணீரை வேலு கக்கினான். அழக்கூடச் சக்தியின்றி அவன் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவனைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டகைக்கு வந்தாள். தாய்மார்கள் அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தார்கள்.

"செல்வராணி, ஒரு வாய் குடுடி. உன் மகளுக்கு நான் குடுக்கலயா?"

செல்வராணி பக்கத்தில் நின்ற ராசம்மாவைப் பார்த்தாள். ராசம்மா அடுத்தவளைப் பார்த்தாள். ஒருத்தி ஆரம்பித்திருந்தால் எல்லோரும் கொடுத்திருப்பார்களாம்; பிறகு இதை என்னிடமே சொன்னார்கள், வெட்கமில்லாமல்!

"எனக்குப் பால் இல்லக்கா," என்றாள் செல்வராணி. சொல்லும்போதே அவள் ரவிக்கை நனைந்திருந்தது. மகள் தூங்கிவிட்டாள், மாரில் பால் கட்டி வலித்தது. திரும்பி நின்று, கொட்டகைச் சுவரில் பீய்ச்சினாள். செத்துக்கொண்டிருந்த பிள்ளையின் கண்ணெதிரே பால் சுவரில் கோடுகோடாக வழிந்தது. ஈ மொய்த்தது. சீ! இவர்களும் தாய்மார்களா?

அங்கம்மா வேலுவைச் சேலையில் கட்டிக்கொண்டு, ரயில் நிலையம் இருக்கும் கடைத்தெருவுக்கு நடந்தாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கடைசியாக விழுந்த இடம் சுப்ஹானின் சாப்பாட்டுக் கடை வாசல். அவர் மனைவி ஜெய்னம்பு அங்கம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளையின் வாயைப் பார்த்தாள். தன் குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு வேலுவை எடுத்து அணைத்தாள்.

"எங்க மார்க்கத்துல பால் குடுத்தா அவனும் பெத்த புள்ளதான். எந்திரிம்மா, இனி இது உன் வீடு."

வேலு பிழைத்தான். அங்கம்மா அந்தக் கடையிலேயே மாவரைத்து உடம்பு தேறினாள். வேலு விடாமல் சப்பியதில் பாலும் திரும்பியது.

சில மாதங்கள் போயின. ஒருநாள் செல்வராணி வந்து நின்றாள். காய்ச்சலில் கண் சிவந்து, மாரும் வற்றியிருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று கொட்டகையில் எவளும் பிள்ளையைத் தொடவில்லை. இடுப்பில் மகள் துவண்டு கிடந்தாள்.

ஜெய்னம்பு வாசலிலேயே மறித்தாள். "என்னம்மா, விஷம் வாங்க வந்தியா?"

"நானா சொன்னேன்? எல்லாரும்தான் சொன்னாங்க..."

அங்கம்மா மாவுக் கையைக் கழுவினாள். குழந்தையைப் பிடுங்குவதுபோல் வாங்கி, செல்வராணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மார் கொடுத்தாள். குழந்தை விக்கி விக்கிக் குடித்தது. செல்வராணி காலில் விழப்போனாள்.

"அங்கயே நில்லு. புள்ளய நாளைக்கும் குடுத்தனுப்பு. நீ மட்டும் வராத. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பால் இறங்க மாட்டேங்குது."