சைகோன் கள்ளியும் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டும்

ஆண்டு 1978. மாதம்தான் ஆடியா ஆவணியா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கட்டிய ஒரு தொழிற்சாலையில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுக்காவிட்டால் வேலை அடுத்தவருக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் நாள் மாலை, புதுவாயலில் பக்கத்து வீட்டு பாய் கூப்பிட்டார். பழவேற்காட்டுக்காரர், சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்து, அங்கே ஆட்சி மாறியதும் திரும்பியவர். வரும்போது லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்த முக்கோணத் தண்டுக் கள்ளி, கிணற்றடிச் சுவரில் ஏறி அந்த வருடம்தான் முதல் பழம் விட்டிருந்தது. நம் சப்பாத்திக்கள்ளிப் பழம் மாதிரி இல்லை. முள்ளுக்குப் பதில் செதில்.

அறுத்ததும் பாயே திகைத்தார். சைகோனில் அவர் தின்றதெல்லாம் உள்ளே வெள்ளையாம். இது பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. எள் தூவியதுபோல் விதை. கள்ளிக்குத் தாய்நாடு அமெரிக்கா என்று படித்திருந்ததைச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"அங்க வேலிக்கு வேலி இதான் நைனா. துன்னு, குளிர்ச்சி. ரத்தம் ஊறும்."

ஆளுக்குப் பாதி தின்றோம். ருசி சப்பென்றிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சிறுநீர் பரிசோதனைக்குச் சீசாவை நிரப்பிக் கொடுத்தேன். ரோஸ் நிறம். கம்பவுண்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எத்தனை நாளாய் ரத்தம் போகிறது என்றார். கள்ளிப்பழம் தின்றதைச் சொன்னேன். ஆடுகூட மோந்துவிட்டு விலகும், நீ தின்றாயா என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பழத்தைத் தொடாமல் சனிக்கிழமை வா, அப்போதும் இப்படியிருந்தால் கையெழுத்துப் போட முடியாது என்றார்.

பெரியபாளையம் வழியாக பஸ் ஊர்ந்து வந்தது. நேரே பாயிடம் போனேன். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லையாம். ஒரே பழம், இரண்டு வயிறு. அப்படியானால் என்னுடையது நிஜ ரத்தமா?

"ஊறும்னுதான சொன்னேன், ஊத்தும்னா சொன்னேன்?" என்றார். ஆனால் அவர் முகமும் சரியில்லை.

சனிக்கிழமை சீசா தெளிவாக இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். பழம்தான் காரணமா என்று கேட்டேன், தெரியாது என்றார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.

அடுத்த வருடம் அதே கொடியில் இன்னொரு பழம். வேலை நிலைத்துவிட்ட தைரியத்தில், வேண்டுமென்றே மறுபடியும் பாதி தின்றேன். மறுபாதியைப் பாய் தின்றார். காலையில் பார்த்தால் நிறமே இல்லை. வெளியே வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் நின்றிருந்தார், குரல் இறங்கிப்போய்.

"நைனா, இப்போ எனுக்கு."