நாற்பத்தோராம் பக்கத்துக் குறி

உடையார்கட்டைக் கடந்தபோது பின்னேரமாகிவிட்டது. விசுவமடுவிலிருந்து கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஓர் உரப்பை. அதற்குள் ஒரு சாறமும் போர்வையும். சைக்கிளில் விறகு கட்டிப் போன ஒருவர் எங்கே போகிறேன் என்று கேட்டார். கடற்கரைக்கு என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். ஒருவரும் இல்லை என்றேன். அவர் தன் வழியே போனார். அந்தக் காலத்தில் வன்னியில் பாதிப் பேர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். ஆனால் அன்று என்னை எந்த ஷெல்லும் துரத்தவில்லை. பார்வையில்லாத ஒரு மனிதருக்கு ஒரு சொல்லை மாற்றி வாசித்தேன். அதனால் நடந்துகொண்டிருந்தேன்.

அவர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வரும்போது பளைக்கு அருகில் ஷெல் துகள்கள் பட்டு ஒரு கண் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியும். விசுவமடுவில் காட்டோரம், தறப்பாள் கூரை போட்ட ஒரு கொட்டிலில் அவரும் தமக்கையும் இருந்தார்கள். நான் அங்கே கிணறு வெட்டப் போனவன். கிணறு முடிந்த கையோடு மலேரியா என்னைப் படுக்கையில் போட்டது. அக்கா கஞ்சி தந்தார். எழும்பி உட்கார்ந்தபோது, நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதும் என் கையெழுத்து வடிவானது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டன. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு எழுதும் வேலை கிடைத்தது.

காலையில் வீரை மரத்தின் கீழ் உட்காருவோம். அவர் மனத்தில் கணக்குப் போட்டுச் சொல்லுவார். நான் கொப்பியில் எழுதுவேன். ஆங்கில எழுத்து எனக்கு ஓரளவு தெரியும். அவருக்குத் தேவைப்பட்ட கிரேக்க எழுத்துகள் தெரியாது. அவற்றை என் உள்ளங்கையில் விரலால் கீறிக் காட்டினார். நான் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தேன்: சூலம், லாடம், கவட்டை. பிறகு அவரும் அந்தப் பெயர்களிலேயே சொல்லத் தொடங்கினார்.

"சூலம், கீழை ரெண்டு. பக்கத்திலை லாடம், மேலை ஒரு நட்சத்திரம். சமன் பூச்சியம்."

அக்கா குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பார். "என்னடா இது, கணக்கோ, கொல்லன் பட்டறைச் சாமான் துண்டோ?"

"நீ உலையைப் பார். இஞ்சை நாலு பரிமாணம் கொதிக்குது."

விளக்கம் கேட்டது நான்தான். விளங்காமல் எழுதினால் என் கை தூங்கிவிடும். நமக்கு மூன்று திசைகள். அவருடைய வெளிக்கு நான்கு. அந்த வெளியின் எல்லாப் புள்ளிகளையும் இடம் மாற்றலாம். மாற்றிய பிறகும் வெளி முன்போலவே இருக்கும். அப்படிப்பட்ட மாற்றத்தைச் சமச்சீர் என்றார். அவருடைய கேள்வி, அப்படி மாற்றியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது. வழியில் மடிப்பு விழலாம் என்றால் முடியும். மடிப்பே விழக்கூடாது, எல்லாம் வழுவழுப்பாக நடக்க வேண்டும் என்றால், அவர் எடுத்துக்கொண்ட சமச்சீருக்கு அது முடியாது. அந்த முடியாததைத்தான் நிறுவிக்கொண்டிருந்தார்.

"ஏலாது எண்டதை எப்பிடிச் சேர் காட்டுவியள்? நாளைக்கு ஒருத்தன் செய்து காட்டினால்?"

"அதுக்குத்தான் இந்தச் சமன்பாடு. ஒவ்வொரு இடத்துக்கும் சொந்தமாய் ஒரு அளவு இருக்கு எண்டு வையும்."

அப்போது எனக்குக் கொத்து ஞாபகம் வந்தது. கனகராயன்குளத்தில் அரிசி அளக்கிற கொத்து ஓர் அளவு, பளையில் வேறு அளவு. ஊருக்கு ஊர் கொத்தை மாற்றிக் கணக்குப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்து, புறப்பட்ட ஊரில் அளந்தால் பொருந்தாது. சுற்றித் திரிந்தவனுக்கு இது புதிதல்ல. சொன்னேன். அவர் தொடையில் தட்டினார்.

"அதுதான் காணும்! அந்தப் பொருந்தாத மிச்சம்தான் என்ரை தொழில்."

மிச்சம் ஒரு குறிப்பிட்ட விதமாக அமைந்தால் அது சமன்பாட்டின் தீர்வு. வெளியின் வடிவத்தை மெல்ல மெல்ல மாற்றி, அந்தச் சமச்சீர் கொண்டுபோய் வைக்கும் வடிவம் வரை போக வேண்டும். வழி நெடுகத் தீர்வு இராது. எங்கோ சில புள்ளிகளில் மட்டும் ஒன்று தோன்றி மறையும். ஒவ்வொன்றுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறி போட்டு எண்ண வேண்டும். தொகை பூச்சியமில்லை என்றால் அவர் வென்றார்.

"பூச்சியம் வந்தால்?"

"பொய் எண்டில்லை. ஒண்டும் சொல்லேலாது. அவ்வளவுதான்."

அவருக்கு அந்த ஒன்றும் சொல்ல முடியாமையில்தான் பயம். அவர் முன்பு படித்த நாட்டில் ஒரு பேராசிரியர், இது சரியாக வந்தால் அழைப்புக் கடிதம் அனுப்புவதாக எழுதியிருந்தார். அழைப்பைக் காட்டி வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் கேட்கலாம். போனால் வெளிச்சம் தெரிகிற கண்ணைக் காப்பாற்றலாம் என்று ஒரு டொக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு நாலு பரிமாணம் விளங்காது, கண் விளங்கும்.

மாதக்கணக்கில் எழுதினோம். நான்கு புள்ளிகள் தேறின. முதலாவது கூட்டல், அடுத்தது கழித்தல், மூன்றாவது கூட்டல். நான்காவதின் குறி, முன்பு எழுதிய ஒரு வரியின் குறியைப் பொறுத்திருந்தது.

"நாப்பத்தோராம் பக்கம், கடைசி வரி. என்ன குறி?"

புரட்டினேன். கழித்தல். என் கையெழுத்தில் தெளிவாகவே இருந்தது. அன்று காலை கிபிர் விமானம் இரண்டு தரம் மேலால் போனது. அக்கா மூன்றாம் நாளாகக் காய்ச்சலில் கிடந்தார். அவையெல்லாம் காரணமில்லை. அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி காத்திருந்தார்.

"கூட்டல்," என்றேன்.

"வடிவாய்ப் பாத்தீரோ?"

"ஓம் சேர். கூட்டல்."

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். பிறகு கத்தினார். "அக்கா, ரெண்டு வந்திட்டுது!"

"ஆர் ரெண்டு பேர்?" என்று அக்கா பாயில் கிடந்தபடி கேட்டார். "சோறில்லை எண்டு சொல்லு."

நல்ல பிரதியும் நான்தான் எழுதினேன். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில், கடைசிக் கூட்டலில், நான்காவதற்குக் கூட்டல் போட்டேன். நாற்பத்தோராம் பக்கத்தைக் கழித்தலாகவே விட்டேன். அதையும் ஏன் மாற்றவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வவுனியாவுக்குப் போய்வரும் ஒரு பாதிரியார் உறையைக் கொண்டுபோனார். அக்கா பயணத்துக்கென்று தம்பியின் நீளக் காற்சட்டையைத் தோய்த்துக் காயவிட்டு, அறுந்திருந்த பொத்தானைத் தைத்துவைத்தார். அந்தக் காற்சட்டை கொடியில் பல மாதம் தொங்கியது. மழைக்கு உள்ளே, வெயிலுக்கு வெளியே.

பதில், பலர் உடைத்து ஒட்டிய உறையில் வந்தது. வாங்கிவந்த அக்கா கொட்டிலுக்குப் பின்னால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இஞ்சை பாரும். கூடாத கதை எண்டால் இண்டைக்கு வாசியாதையும். எழுத்து விளங்கேல்லை, நாளைக்கு எண்டு சொல்லும்."

ஒரே ஒரு தாள். ஆங்கிலம் எனக்கு முழுதாக விளங்கவில்லை. 41 என்றும் 58 என்றும் இரண்டு எண்கள் இருந்தன. அவை விளங்கின. அவர் மரத்தடியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். நான் எழுத்துக்கூட்டி ஆரம்பம் முதல் முடிவு வரை வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அவர் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார்: இரண்டு பக்கங்களிலும் குறி ஒத்துவரவில்லை, முதற் குறிதான் சரி, அப்போது தொகை பூச்சியம், வருந்துகிறேன். அழைப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"நாப்பத்தொண்டை எடும்."

"எடுக்கத் தேவையில்லை சேர். கழித்தல்."

"அண்டைக்கு?"

"கூட்டல் எண்டு சொன்னனான்."

"ஏன் காணும்?"

"உங்கடை முகத்தைப் பாத்து."

அவர் தரையில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்துச் சிறு சிறு துண்டுகளாக முறித்தார். "எனக்கு அண்டைக்கே ஒரு ஐமிச்சம். திருப்பிப் போட்டுப் பாத்திருக்கலாம். பாக்கேல்லை. எனக்கும் அந்த ரெண்டு பிடிச்சிருந்தது." பிறகு கேட்டார்: "மற்றக் குறியள்?"

"மற்றதெல்லாம் சரி சேர். சத்தியமாய்."

"அதையும் நீர்தானே சொல்லுறீர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கெட்டது ஒரு குறி மட்டுமல்ல. ஐம்பத்தெட்டுப் பக்கங்களும் இனி அவருக்கு வெறுந்தாள். அவரால் பார்க்க முடியாது. நான் வாசித்தால் நம்ப முடியாது. அக்காவுக்குச் சூலமும் லாடமும் தெரியாது.

"கொப்பியளை அக்காட்டைக் குடுத்திட்டுப் போம்," என்றார்.

கொடுத்தேன். அக்கா வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நாளைக்கு எண்டு சொல்லச் சொன்னனான் எல்லோ," என்றார்.

முல்லைத்தீவுக் கரையை அடைந்து, ஒரு மீன்வாடியின் பின்புறம் படுத்தேன். விடிய எழும்பியபோது கரைவலை இழுக்க ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கழுத்தில் சிலுவை போட்ட சம்மாட்டி, அந்த வலையின் சொந்தக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுத வாசிக்கத் தெரியுமோ தம்பி? இந்த வாடியளிலை உள்ள சனத்துக்கு நிவாரணப் படிவம் நிரப்ப, வாற கடிதம் வாசிக்க ஒரு ஆளில்லை. நிழலிலை இருந்து செய்யிற வேலை."

"தெரியாது," என்றேன்.

"ஒரு எழுத்தும்?"

"ஒரு எழுத்தும்."

"அப்ப கடைசி ஆளுக்குப் பின்னாலை போய்க் கயிறைப் பிடி."

போனேன். கயிறு ஈரமாக, மணல் ஒட்டிக் கிடந்தது. முன்னால் நின்றவர் இழுத்தபோது நானும் இழுத்தேன்.